மும்பைக் காகத்துக்கு ஒரு பதில்

ஜூன் 11, புதன்

ரயிலில் ஸ்பீக்கரைப் போட்டுப் பாட்டுக் கேட்கிறவர்களைப் பற்றி எழுதியது நன்றாக ஓடுகிறது. 'பேசுவோம் மும்பைத் தமிழரே' ஃபேஸ்புக் குழுவில் இந்த வாரம் அதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். மாட்டுங்காவிலிருந்து வைத்தீஸ்வரன் என்று ஒருவர், ரிட்டயர்டு பாங்க் மேனேஜராம், "காகம் சார், உங்கள் பேனாவுக்கு ஒரு நமஸ்காரம்" என்று போட்டிருக்கிறார்.

மும்பைக் காகம் என்ற பேரில் எழுதுவது நான்தான் என்பது பிலோமினாவுக்கு மட்டும் தெரியும். பெண்டாட்டியாயிற்றே என்று அவளிடம் வாசித்துக் காட்டினேன். புளியைக் கரைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளையள்ட்ட சத்தத்தக் கொறைங்கன்னு ஒரு வார்த்த சொன்னீயளா?" என்றாள். சொல்லவில்லை. சொன்னால் எவன் கேட்கிறான்? இதையெல்லாம் இவளுக்கு விளக்கி மாளாது.

ஆபீசில் நான் வெறும் தனசீலன், கப்பல் சரக்குக்கு டாக்குமெண்ட் தயாரிக்கிற சீனியர் கிளார்க். 'தனா பாய், ஃபைல் கிதர் ஹை' என்று ஃபைலைத் தேடிக் கேட்பதைத் தவிர இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இந்தக் குழுவில் கேட்கிறார்கள். வேலைக்காரப் பெண் லிஃப்டில் வரலாமா, கல்யாண வீட்டில் சாப்பாடு வீணாகிறதே, எதுவானாலும் "காகம் என்ன சொல்லுது?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். அது பிடித்திருக்கிறது. பிடித்தால் என்ன தப்பு?

ஜூன் 15, ஞாயிறு

தாராவியில் அந்தோணியார் அசனம். ஊர்க்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வருஷா வருஷம் கோயில் வளாகத்தில் ஆக்கிப் போடுகிற சாப்பாடு. செம்பூருக்குக் குடிபோன பிறகு நான் ஒரு வருஷம் போனால் ஒரு வருஷம் போவதில்லை. பிலோவுக்கு முழங்கால் வலி, அதனால் தனியாகத்தான் போனேன்.

கடைசிப் பந்தி. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய்க் கூட்டு. குறை சொல்ல முடியாது. பந்தி முடிந்ததும் மைக்கில், "பாத்திரம் கொண்டாந்தவிய எல்லாம் வாங்க, ஒண்ணும் மிஞ்சக் கூடாது" என்று கூப்பிட்டார்கள். அவ்வளவுதான், தள்ளுமுள்ளு. கை கழுவப் போன என் முன்னால் ஒரு பொம்பளை. தூறலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, பெரிய தூக்குவாளியை நீட்டி, "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துங்க" என்கிறாள். ஊற்றினார்கள். இன்னும் நீட்டுகிறாள். முதுகுப் பக்கமிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எழுத ஆகும்.

சேசம்மாளைப் பார்க்கவில்லை. சித்தி மகள்தான் என்றாலும் எனக்கென்று இருக்கிற ஒரே தங்கச்சி, கோயிலுக்குப் பின்னால்தான் வீடு. அந்தக் கூட்டத்தில் எங்கே போய்த் தேடுவது? மழை வேறு. அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 16, திங்கள்

எழுதிப் போட்டாயிற்று. தலைப்பு: 'பக்தியா, பார்சலா?' காலையில் ரயில் செம்பூரிலிருந்து வடாலா போய்ச் சேருவதற்குள் முடித்துவிட்டேன். கை அப்படி ஓடியது. படத்தில் முகம் தெரியவில்லை, ஆனாலும் தலையை வெட்டிவிட்டுத்தான் போட்டேன். நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே.

மைக்கில் கூப்பிட்டதை மட்டும் எழுதவில்லை. எழுதினால் கட்டுரை சப்பென்று ஆகிவிடும்.

ஜூன் 17, செவ்வாய்

காலையிலிருந்து சிரிப்புப் பொம்மைகளாக வந்து விழுந்தன. "இலவசம் என்றால் நம்மவர்களுக்கு வயிறு இரண்டாகிவிடும்" என்று வைத்தீஸ்வரன். "இந்த மாதிரி ஆட்களால்தான் மற்ற பாஷைக்காரர்கள் முன்னால் நமக்குத் தலைகுனிவு" என்று ஸ்ரீலேகா என்கிற பெண். நான் ஒவ்வொன்றுக்கும் நன்றி போட்டுக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் படத்தைப் பெரிதாக்கிப் போட்டான். தூக்குவாளியின் மேல் புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்து. 'அன்பளிப்பு அ. தனசீலன், பம்பாய்.'

"யாருப்பா இந்தத் தனசீலன்? அந்தம்மா பசி தெரிஞ்சு பெரிசாவே வாங்கிக் குடுத்திருக்கான்." அதற்கு எண்பது சிரிப்பு.

எங்கள் ஆட்கள் பாத்திரம் சீர் கொடுத்தால் பேர் வெட்டித்தான் கொடுப்பார்கள். வாங்குகிறவர் பேர் இல்லை, கொடுக்கிறவர் பேர். தலையை வெட்டிய எனக்கு அது தோன்றவில்லை. அந்த வாளி நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சேசம்மாள் கல்யாணத்துக்கு எடுத்தது. கடைக்காரன் பக்கத்திலேயே நின்று, பம்பாய் என்றும் போடு என்று சொல்லி வெட்டி வாங்கினேன்.

சேசம்மா. எனக்கு முன்னால நின்னது சேசம்மா.

ஆபீஸ் கக்கூஸில் நின்று பதிவை அழித்தேன்.

ஜூன் 18, புதன்

அழித்து என்ன ஆகப் போகிறது? வாட்ஸப்பில் படமும் கட்டுரையும் சுற்றுகிறது. எங்கள் ஊர்க்காரர்கள் குழுவுக்கே வந்துவிட்டது. "இது நம்ம சேசம்மா வாளியில்லா? அண்ணங்காரன் பேரு போட்டிருக்கு பாரு." அடியில் ஒரு சிரிப்பு. எனக்கு ஆறுதல் சொல்லி இரண்டு பேர் தனியாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு.

பிலோ போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நீங்கதான?"

தலையை ஆட்டினேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஜூன் 20, வெள்ளி

சேசம்மாளுக்குப் போன் செய்யவில்லை. செய்து என்ன சொல்வது?

ஜூன் 22, ஞாயிறு

ஜெனிஷ் வந்தான். சேசம்மாள் மகன், அந்தேரியில் கால் சென்டர் வேலை. அப்பா இல்லாத பிள்ளை. உட்காரக்கூட இல்லை.

அவள் இன்றைக்குப் பூசைக்குப் போகவில்லையாம். தையல் பட்டறைக்கும் மூன்று நாளாகப் போகவில்லை. நூல் வெட்டுகிற பெண்கள், "சேசம்மாக்கா, குழம்பு தீந்துட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பார்கள். அவள் அப்படியே கத்தரியை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டாளாம்.

"எனக்குத் தமிழ் படிக்க வராது மாமா, உங்களுக்குத் தெரியும்ல. ஆபீஸ்ல ஒரு பையனை வச்சுப் படிக்கச் சொன்னேன். அவன் படிக்கப் படிக்கச் சிரிக்கிறான் மாமா. என் அம்மான்னு அவனுக்கு நான் சொல்லல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க பேரையும் இழுத்துட்டானுங்க. அந்தக் காகத்துக்கு ஏக்தம் கடக்கா, நல்லா சூடா ஒரு ஜவாப் குடுக்கணும் மாமா. நம்ம வீட்ல தமிழ் எழுதத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தர்தான். எழுதுங்க மாமா. ப்ளீஸ்."

பிலோ டீ டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"எழுதுறேன்" என்றேன்.

ஜூன் 23, திங்கள்

என் சொந்தப் பேரில் எழுதினேன். 'மும்பைக் காகத்துக்கு ஒரு பதில்.' மைக்கில் கூப்பிட்டுத்தான் கொடுத்தார்கள், அதை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். முகத்தைக் காட்டத் துணிவில்லாதவன் அடுத்தவள் முதுகைப் படம் பிடிக்கலாமா என்று கேட்டேன். அந்தக் குழம்பு அவளுக்கு இல்லை, பக்கத்து வீட்டில் படுக்கையாகக் கிடக்கிற ஃபர்ஸானா என்கிற கிழவிக்கு என்றும் எழுதினேன். பக்கத்து வீட்டில் ஃபர்ஸானா என்று ஒருத்தி இருப்பது தெரியும். படுக்கையாகக் கிடக்கிறாளா, கிழவியா, ஒன்றும் தெரியாது. இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. போன வாரம் மாதிரியேதான், ரயிலில் நின்றுகொண்டு, வடாலா வருவதற்குள். கை ஓடியது.

ஜூன் 24, செவ்வாய்

'பக்தியா, பார்சலா'வுக்கு வந்ததைப் போல இரண்டு பங்கு பாராட்டு. குழு முழுக்கக் காகத்தைக் காறித் துப்புகிறது. "தனசீலன் சார், கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அண்ணன் வாய்க்க அந்தப் பெண் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்கிறார் வைத்தீஸ்வரன். வயிறு இரண்டாகும் என்றாரே, அதே மனுஷன்.

மத்தியானம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஆபீசில் இரண்டு பேரிடம் காட்டவும் செய்தேன்.

சாயங்காலம் சேசம்மாள் போன் பண்ணினாள். "அண்ணே, ஜெனிஷ் வாசிக்க வச்சுக் கேட்டேன். எனக்காவக் கேக்கதுக்கும் ஒரு ஆளு இருக்குன்னு…" மேலே பேச முடியாமல் அழுதாள்.

"அதெல்லாம் விடு சேசம்மா" என்றேன்.

விடுன்னு நான் சொல்லுதேன். நான். செருப்பக் கழட்டி என்னயவே அடிச்சுக்கணும்.

பிலோ கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். "எப்ப சொல்லப் போறிய? இல்ல, நான் சொல்லட்டா?"

ஜூன் 29, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஜெனிஷ் வேலைக்குப் போயிருந்தான். சேசம்மாள் தன் ஒற்றை அறையில் விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ போட்டாள். மூன்று வருஷமாகிறது நான் அந்த வீட்டுக்குள் போய். அவளுக்குத் தலை நரைத்திருக்கிறது. தோளும் கொஞ்சம் வளைந்திருக்கிறது.

"அந்தக் காகம் நான்தான் சேசம்மா."

"எந்தக் காகம்?" என்றாள். பிறகு புரிந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள். எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"போட்டா எடுக்கும்போ நான்னு தெரியுமா?"

"அந்தோணியார் மேல சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருந்தாப் போட்டிருப்பேனா?" இது ஒன்றுதான் என் கையில் இருந்த சமாதானம். வழி முழுக்க இதைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

அவள் முகம் மாறியது அப்போதுதான்.

"தெரிஞ்சு போட்டிருந்தா, நம்ம மேல ஏதோ கோவம்னு நெனச்சுக்கிடுவேன். ஒனக்கு முன்னாலதான நின்னுருக்கேன். என் சத்தங்கூடவா தெரியல?" பிறகு, "நான் இல்ல, வேற ஒருத்தின்னா போடலாமா அண்ணே?" என்றாள்.

எத்தனை பதில் எழுதியிருக்கிறேன் அந்தக் குழுவில்.

"எனக்கு அந்தக் குழம்பு பிடிக்கும். மறுநாள் பழைய சோத்துக்கு நல்லாருக்கும். அதான் கேட்டு வாங்குனேன். அதுல என்ன வெக்கம்? நீ என்னத்துக்கு ஃபர்ஸானாவ இழுத்த? அவ என்னய விடச் சின்னவ, கல்லு மாதிரி இருக்கா. நான் திங்கதுக்குன்னு வாங்கப்பிடாதா?"

ஜெனிஷிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். காலில் விழுந்துகூடச் சொல்கிறேன் என்றேன்.

"சொல்லாத." சட்டென்று சொன்னாள். "நீ எழுதுனத போன்ல வச்சுக்கிட்டு எல்லார்ட்டயும் காட்டிக்கிட்டுத் திரியுதான், எங்க மாமா எங்க மாமான்னு. அவனுக்கு அப்பன்தான் இல்ல. மாமனும் இல்லாம ஆக்கிராத. அத நீயே வச்சுக்க."

எப்போதும் ரோடு வரை வந்து ஆட்டோ ஏற்றிவிடுவாள். இன்று கதவடியிலேயே நின்றுவிட்டாள்.

ஜூலை 3, வியாழன்

காகத்தின் கணக்கை மூடினேன். தனசீலனுக்குப் பயந்து ஓடிவிட்டது என்று குழுவில் கொண்டாடுகிறார்கள்.

ஜூலை 13, ஞாயிறு

சேசம்மாள் பூசைக்கு வருகிறாளாம், பட்டறைக்கும் போகிறாளாம். பிலோ சொன்னாள். எனக்குப் போன் வருவதில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஜெனிஷுக்கு நிச்சயதார்த்தம். பெண் அம்பர்நாத், பேர் அனிஷா. அப்பாவுக்கு அங்கே பாக்டரியில் வேலை. தாய்மாமன் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது, வேறு ஆளும் இல்லை, அதனால் சேசம்மாள் கூப்பிட்டாள். பிலோவிடம்தான் சொன்னாள்.

ஹால் நிறையக் கூட்டம். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் ஜெனிஷ் மைக்கை வாங்கினான். பாதி இந்தி, பாதி தமிழ். "இவங்கதான் என் மாமா. எங்க அம்மாவைப் பத்தி ஒருத்தன் கேவலமா எழுதினப்போ இவங்க ஒரே ஆளா நின்னு எழுதினாங்க. அவன் அப்புறம் அந்தப் பக்கமே வரல" என்றான். கை தட்டினார்கள். அனிஷாவின் அப்பா எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க லைன் வீடுகள்ல எல்லாரும் வாசிச்சோம் சார். இப்படிப்பட்ட குடும்பத்துல பொண்ணு குடுக்கோம்னு சொல்லித்தான் எல்லாரையும் கூட்டியாந்தேன்" என்றார்.

ஜெனிஷ் மைக்கை என் கையில் கொடுத்தான். "மாமா, தமிழ்ல ரெண்டு வார்த்தை."

ஹால் அமைதியாகிவிட்டது. ஒரு வார்த்தையும் வரவில்லை. மைக்கைப் பிடித்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. முன்வரிசையில் யாரோ, "அடக்கமான மனுசன்" என்றார்கள்.

சேசம்மாள் எழுந்து வந்து மைக்கை என் கையிலிருந்து வாங்கினாள். "எங்க அண்ணன் பேச மாட்டாவ. நேரமாவுது, தட்ட மாத்துவோம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தட்டை என்னிடம் நீட்டினாள். வாங்கி அனிஷாவின் அப்பாவிடம் கொடுத்தேன்.