தொடாமல் விட்ட பந்து

ஜூன் 9, ஞாயிறு

பேஸ்பாலில் மறுபடியும் தோல்வி. மூன்று முறை மட்டை பிடித்தேன். மூன்று முறையும் முதல் பந்திலேயே சுழற்றினேன்: ஒன்று காலடியில் வந்தது, ஒன்று தலைக்கு மேலே போனது, இன்னொன்று மட்டைக்கு எட்டாத தூரத்தில். அறுபதைத் தாண்டியவர்களின் அணிதான், யாரும் கோபிக்கவில்லை. அதுதான் வலித்தது.

நான்கு கெட்ட பந்துகளைத் தொடாமல் விட்டால் முதல் தளத்துக்குச் சும்மா நடந்தே போகலாம். நல்ல பந்து மூன்றைத் தவறவிட்டால் ஆள் வெளியே. மூன்று கோடைகளாக ஆடுகிறேன். ஒரு முறைகூட நடந்ததில்லை.

எங்கள் மேலாளர் கஸ், ஓய்வுபெற்ற தபால்காரர், பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"யோவ் வாத்தியாரே, உனக்கெல்லாம் பந்தே வேண்டாம்யா. கைக்குட்டையச் சுருட்டி எறிஞ்சாக்கூடச் சுத்திடுவே."

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். செப்டம்பரில் ஆல்டர் ஃபால்ஸ் அணியோடு ஆட்டம். ஒன்பது பேரில் நான் இருப்பேனா என்பதை ஆகஸ்டில்தான் சொல்வாராம். பதினோரு ஆண்டுகளாக அவர்களை நாங்கள் வென்றதில்லை. அந்த ஆட்டத்தைப் போய் நான் பெஞ்சிலிருந்து பார்ப்பதா?

ஜூன் 11

களை பிடுங்கும்போது டூயியின் நினைவு வந்தது. ஏழாம் வகுப்பு, கடைசி வரிசை. நான் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவான். "என்ன கேட்டேன், சொல்லு" என்றால் திருதிருவென விழிப்பான். கேள்வி முழுசாக வரட்டும் என்று முப்பத்துநான்கு ஆண்டுகள் சொன்னவன், அறுபத்தேழு வயதில் நானே டூயியாகி நிற்கிறேன்.

ஏன் இந்த அவசரம்? சுழற்றித் தோற்றால் முயன்றான் என்பார்கள். சும்மா நின்று தோற்றால் மரம் மாதிரி நின்றான் என்பார்கள். பயம் — வேறொன்றுமில்லை. எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

ஜூன் 20

என் மனைவி லோர்னா டென்னிஸ் பந்துகளில் சிவப்பு மையால் எண்கள் எழுதிவிட்டாள். கார் கொட்டகை முன்னால் நின்று அவள் எறிய வேண்டும், நான் மட்டையில்லாமல் நின்று எண்ணைப் படிக்க வேண்டும்.

"மூணு."

"அது எட்டு. போய்க் கண்ணாடியத் தொடைச்சிட்டு வா."

நாற்பதில் ஒன்பது சரி. என் மாணவனாக இருந்தால் பெற்றோரை வரச் சொல்லியிருப்பேன்.

ஜூலை 3

நாற்பதில் பத்தொன்பது. லோர்னாவுக்குத் தோள் வலி. "இன்னும் ரெண்டு கூடை எறியறேன்" என்கிறாள்.

ஜூலை 14

இன்று நடந்தேவிட்டது, பயந்தது. மூன்றாவது நல்ல பந்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நடுவர் கையைத் தூக்கினார். வெளியே! பெஞ்சுக்குத் திரும்பிய அந்த இருபதடியும் காது சுட்டது. யாரும் மரம் என்று சொல்லவில்லை. கஸ் மட்டும், "நல்ல பந்துய்யா அது. ஆனா பாத்துட்டுல்ல விட்டே" என்றார். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பில் இரண்டு துண்டு சாப்பிட்டேன். உலகம் அழியவில்லை.

ஆகஸ்ட் 25

பட்டியலில் என் பெயர் இருக்கிறது! ஒன்பதாவது, கடைசி. லோர்னா பாத்திரம் தேய்த்தபடி, "ஓ, அப்படியா" என்றாள். பிறகு அரைமணி நேரம் சீட்டியடித்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 2, திங்கள்

வரிசையாக எழுத வேண்டும்.

எங்கள் மைதானம், கடைசிச் சுற்று. ஐந்துக்கு ஐந்து. எங்களில் இருவர் வெளியே, மூன்றாமவரும் போனால் சுற்று முடிந்தது. மூன்று தளத்திலும் எங்கள் ஆட்கள். மட்டை பிடிக்க வேண்டியவன் நான். எதிரே பந்தோடு மெர்ட், ஆல்டர் ஃபால்ஸ் ஊர் மாட்டு வைத்தியர். என்னை எத்தனையோ முறை முதல் பந்திலேயே ஏமாற்றியவர்.

"வாங்க வாத்தியாரே, உங்களுக்காகத்தான் காத்திருக்கேன்."

முதல் பந்து தாழ்ந்து, வெளியே போனது. கை துடித்தது. கேள்வி வரட்டும், டூயி. விட்டேன். இரண்டாவதும் அப்படியே. மெர்ட்டின் சிரிப்பு சற்றுக் குறைந்தது. மூன்றாவது நல்ல பந்து: சுழற்றினேன், தவறியது. அடுத்தது மட்டையின் ஓரத்தில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போனது; அதுவும் தவறிய கணக்குதான். இன்னொன்று தவறினால் முடிந்தது. ஐந்தாவது தலைக்கு மேலே. விட்டேன். ஆறாவது முழங்காலை நோக்கி வந்து கடைசியில் சரிந்தது. அதன் சிவப்புத் தையலைப் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். விட்டேன்.

நடுவர் கை தூக்கவில்லை. நான் காலைச் சரிசெய்துகொண்டு மறுபடி மட்டையைத் தூக்கினேன்.

"நாலு ஆச்சு சார். இன்னும் எதுக்கு நிக்கிறீங்க?" என்றார் நடுவர்.

எண்ணிக்கையை மறந்திருக்கிறேன்! நான், கணக்கு வாத்தியார்!

எனக்கு இடம்விட எல்லோரும் ஒரு தளம் நகர வேண்டும்; மூன்றாம் தளத்திலிருந்த ஹார்வி உள்ளே வந்து கடைசித் தளத்தை மிதித்துவிட்டார். ஆறு! எல்லோரும் என்மேல் விழுந்தார்கள். கஸ் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நடுவர் மட்டும் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஆட்டம் முடியவில்லை. நான் முதல் தளத்தைத் தொடாவிட்டால் அந்த ஓட்டம் செல்லாது.

கஸ் முகம் வெளுத்தது. "யோவ், விடுங்கய்யா அவன! நட... நடய்யா!"

விட்டார்கள். தொண்ணூறு அடி. ஓடத் தேவையில்லை, நடந்தேன். மெர்ட் தொப்பியைக் கழற்றினார். "மெதுவாவே போங்க. இத நீங்க சம்பாதிச்சிருக்கீங்க."

இரண்டு காலாலும் மிதித்தேன்.

செப்டம்பர் 3

முழங்கால் வீங்கியிருக்கிறது. லோர்னாவின் தோளுக்கும் என் காலுக்கும் ஒரே ஐஸ் பை, மாற்றி மாற்றி.

அக்டோபர் 6

கஸ் ஆப்பிள் கூடையோடு வந்தார். வாசலிலேயே நின்று, தொண்டையைச் செருமி, அடுத்த வருடத்தைப் பற்றி ஆரம்பித்தார். முதல் ஆளாக மட்டை பிடிப்பவன் நிறையப் பந்து பார்க்க வேண்டும், பின்னால் வருகிறவர்களுக்கு அவன்தான் காட்ட வேண்டும், அதற்கு அவசரப்படாத ஆள் வேண்டும், அதனால், அதாவது, யோசித்ததில், நீ —

அவர் கேள்வியை முழுசாக முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சரி என்றேன்.