குண்டு மேகம்

மார்ச் 4, செவ்வாய்

பள்ளி இன்ஸ்பெக்டர் வேலை பார்த்துக்கொண்டே நாட்டுப்பாட்டு சேகரித்துப் பெயர் வாங்கியவர் போன வருடம் செத்துப்போனார். அவருடைய காகிதமெல்லாம் இன்று எங்கள் ஆவணக் காப்பகத்தில் வந்து இறங்கியது. பாச்சை உருண்டை நெடி. தும்மித் தும்மியே பாதி நாள் போனது. இதையெல்லாம் பிரித்துப் பட்டியல் போட்டு, மாதக் கடைசியில் கண்காட்சி வைப்பது என் தலையெழுத்து.

எந்தப் புகைப்படத்தை எடுத்தாலும் நடுவில் அவர்தான். குடை, தொப்பை, ஒலிப்பதிவுப் பெட்டி. பாடிய பெண்களுக்குப் படத்தின் ஓரத்தில் ஆளுக்கொரு முழங்கை மட்டும். "மரியாதையா எழுதுங்க மேடம்" என்கிறார் காப்பக இயக்குநர். யாருக்கு, முழங்கைகளுக்கா?

மார்ச் 6

செத்துப்போன பெரியவரின் மருமகன் வந்தார். வெள்ளையடிக்க வந்த ஆளை மேய்ப்பதுபோல் என் பின்னாலேயே நடந்தார்.

"கொச்சையான பாட்டெல்லாம் எடுத்துடுங்க. குடும்பப் பேர் இருக்குல்ல."

"கொச்சைன்னா எது சார்?"

"உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதைத்தான் முதல் வரிசையில் வைக்கப்போகிறேன்.

மார்ச் 11

ஒலிநாடாக்கள். அவர் முன்னுரை பேசி முடிப்பதற்குள் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். நடுவில் பாடுகிறவளை வேறு நிறுத்துகிறார்: "அப்படி இல்லம்மா, தெளிவாச் சொல்லு."

"பாடுறது நானா, நீங்களா?"

சபாஷ்!

மார்ச் 12

சிரித்து வயிறு வலிக்கிறது.

அந்த மழைப் பாட்டு. பாடப்புத்தகத்தில் வந்து நாமெல்லாம் மூன்றாம் வகுப்பில் கத்திய அதே பாட்டு:

*குடையும் நடக்குது, பெட்டியும் நடக்குது,*
*குண்டு மேகம் கூட நடக்குது.*
*இடிக்குது இடிக்குது ஏகமா இடிக்குது,*
*எட்டிப் பாத்தா ஒரு சொட்டும் இல்ல.*

'மூதாட்டி ஒருவர் பாடிய தொன்மையான மழைத் துதி' என்று அவர் புத்தகத்தில் இருக்கிறது. குண்டு மேகம் என்றால் கருக்கொண்ட மேகமாம். மூன்று பக்கத்துக்கு விளக்கம். ஆனால் நாடாவில், பாட்டுக்கு முன்னால் ஒருத்தி கிசுகிசுக்கிறாள்: "அடியே, அந்த ஆளு காதுல விழப்போகுது!"

எந்த மழை, எந்தத் துதி? குடை, பெட்டி, தொப்பை, பொழுதுக்கும் இடி — எதிரில் உட்கார்ந்திருந்த இவரைத்தான் பாடியிருக்கிறாள். மண்டைக்கு எட்டவில்லை. மூதாட்டியாம்! குரலுக்கு இருபத்தைந்து வயது தாண்டாது.

எங்கள் இயக்குநர் டாக்டர் பட்டம் வாங்கியதே அந்த மேகத்தை வைத்துத்தான். கண்காட்சித் திறப்பு விழாவில் பள்ளிப் பிள்ளைகள் இதைத்தான் பாடப்போகிறார்கள். என்னையும் நாலு வார்த்தை பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன். நாடாவையும் போட்டுக் காட்டுகிறேன்.

மார்ச் 13

அக்காவிடம் போனில் சொன்னேன். "செத்தவரை ஏண்டி சந்தி சிரிக்க வைக்கிறே? உனக்கு இந்த உலகத்துல யாரைத்தான் பிடிக்கும்?"

யோசிப்பதற்குள் வைத்துவிட்டாள்.

மார்ச் 17

பெரியவரின் மகள் வந்தாள். பல் டாக்டர். புருஷன் இல்லாமல் தனியாக. முகம் போகிற போக்கைப் பார்க்கலாமே என்று அந்த நாடாவைப் போட்டேன். அற்பப் புத்திதான்.

மேசையைத் தட்டிக்கொண்டு கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள்!

"அப்பா ஷேவ் பண்ணும்போதெல்லாம் இதான். தொப்பையைத் தட்டிக்கிட்டே பாடுவார்."

"தன்னைத்தான் பாடினாங்கன்னு அவருக்கு..."

"தெரியாமயா? தற்பெருமை பிடிச்ச மனுஷர், வீட்ல எங்களை அவர் படுத்தாத பாடு இல்ல. ஆனா காது நல்லாக் கேக்கும்ங்க. ஏன் நிறுத்திட்டீங்க? ஓடட்டும்."

பாட்டு முடிந்ததும் நிறுத்தியிருந்தேன். அன்றைக்கும் அங்கேதான் நிறுத்தினேன். மறுபடி ஓடவிட்டேன். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அவர் சிரிப்பு. அந்த மனிதரிடமிருந்தா இப்படி ஒரு சிரிப்பு?

"இதைப் புஸ்தகத்துல போடப்போறேன். உன் பேர் என்னம்மா?"

"ஐயையோ, வேணாம் சார்! எங்க வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன். இன்ஸ்பெக்டரைக் கேலி பண்ணேன்னு தெரிஞ்சா வேலை போயிடும்."

"அந்த இன்ஸ்பெக்டரே நான்தானே."

"உங்களுக்கு மேல ஆளு இல்லையா? யாரோ ஒரு கிழவி மழைக்குப் பாடினான்னு எழுதிக்குங்க."

மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை இரண்டு பேரும்.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் நாடா சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னத்தைக் கேட்டுக் கிழிச்சேன் நான்? மண்டைக்கு எட்டாதது யாருக்கு?

மார்ச் 18

அந்த மூன்று பக்கத்தைத் திரும்பப் படித்தேன். கருக்கொண்ட மேகம்! முகத்தை எப்படி வைத்துக்கொண்டு எழுதினாரோ, திருட்டு மனுஷன்.

அந்த முழங்கைப் படங்களுக்கு மட்டும் அவருக்கு மன்னிப்பு கிடையாது.

மார்ச் 28, வெள்ளி

விழா. என் முறை வந்தது. காகிதங்களைக் கொடுத்த குடும்பத்துக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். அந்த வாட்ச்மேன் இன்றைக்கு இருக்கிறாரோ இல்லையோ, அவர் அவளுக்குக் கொடுத்த வாக்கு வாக்குதானே.

இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டு மேகத்தின் தாய்மை பற்றி உருகினார். பிள்ளைகள் எழுந்து பாடினார்கள். 'ஒரு சொட்டும் இல்ல' என்று அவர்கள் கத்தியபோது பக்கத்து நாற்காலியில் பெரியவரின் மகள் குலுங்கத் தொடங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பின்வரிசை அம்மாள் ஒருத்தி அவள் தோளைத் தடவிக்கொடுத்தாள். மருமகன் திரும்பி முறைத்தார்.

என் கைக்குட்டையை நீட்டினேன். வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். எனக்கும் தேவைப்பட்டது.