டோக்கன் மாறிய நாள்

ஜூலை 7, திங்கள்

காற்று. தங்கச் சுரங்கக் கழிவு கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி மேஜையெல்லாம். துடைத்துத் துடைத்து அலுத்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்புக்கு பாட்காஸ்ட் வேலை கொடுத்தாயிற்று. தெருவில் சுரங்க வேலை பார்த்த ஒருவரைப் பேசவைத்து போனில் பதியணும். ஐந்து நிமிடம். பாடப்புத்தகத்தில் நம் ஊருக்கு ரெண்டே வரி, அந்த எரிச்சல்தான். ஹெச்.எம். முகம் சுளித்தார், அப்புறம் சரி என்றார். வெள்ளிக்கிழமை வகுப்பில் போட்டுக் கேட்பது.

வாங்க: சாக்பீஸ், அம்மாவுக்கு பி.பி. மாத்திரை. ஸ்பீக்கர் இரவல்.

ஜூலை 9, புதன்

ஏழு பதிவு வந்தது. நாலில் "ஹாய் கைஸ்". ஒன்றில் முழுக்க மிக்ஸி சத்தம்.

கடைசி, ஸ்டெல்லாவுடையது. நந்திதுர்க் சுரங்கத்து லைன் வீடுகளில் அவள் பக்கத்து வீட்டு மாணிக்கம். பெயரைக் கேட்டதும் கை நின்றுவிட்டது.

அப்பா செத்தது இந்த மாணிக்கத்தின் டோக்கனோடு. நம்பர் போட்ட பித்தளை டோக்கன். யார் கீழே இறங்கினார்கள் என்பது அதை வைத்துத்தான் தெரியும். அப்பாவுக்கு அன்று லீவு. பங்காருபேட்டை போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மாணிக்கத்தின் ஷிப்டுக்குப் போனார். ஏர் பிளாஸ்ட், பாறை வெடித்தது. "டோக்கன் மாறிப்போச்சு", வீட்டில் இவ்வளவுதான் பேச்சு. எனக்கு அப்போது ஏழு வயது.

பதிவில் மாணிக்கம்:

"எனக்கு ஜொரம். என் டோக்கன்ல கோபால் எறங்குனான். மத்தியானம் என் நம்பர சொல்லிக்கினு ஆளுங்க வந்தாங்க. நான் கட்டிலு அடியில. டோக்கன் குடுத்தது தெரிஞ்சா வேல பூடும். என் பொண்டாட்டி நான் செத்தாப்புல அழுதா. சாயங்காலம் பாடிய மேல கொண்டாந்தப்புறம்தான் வெளிய வந்தேன்."

கட்டில் அடியில். இது எங்களுக்குத் தெரியாது. செத்தது மாணிக்கம் என்று நம்பி அன்று அம்மா அந்த வீட்டுக்குப் போனாள். அவர் மனைவியைக் கட்டிலில் உட்காரவைத்து, கட்டிக்கொண்டு அழுதாள். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

ஜூலை 10, வியாழன்

தூறல். தூக்கமில்லை. பாத்திரம் கழுவும்போதும் காதில் அந்தக் குரல்.

அட்டெண்டன்ஸில் இருபத்திமூணு என்றேன். வராதவனுக்காக வேறொருத்தன் "யெஸ் மிஸ்". கத்திவிட்டேன். வகுப்பே மிரண்டது. என்ன பைத்தியம் எனக்கு.

நாளைக்கு தன்னுடையது முதலில் வருமா என்று ஸ்டெல்லா கேட்டாள். கோபால் யாரென்று பாவம் அவளுக்குத் தெரியாது. பார்க்கலாம் என்றேன். அழித்துவிடலாம், ஒரு தட்டுத்தான். வகுப்பில் போட்டால் சாயங்காலமே அம்மா காதுக்குப் போய்விடும். பயமாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

ஸ்பீக்கர் ரிப்பேர் என்று பொய் சொல்லி திங்களுக்குத் தள்ளினேன்.

பள்ளி விட்டதும் நேரே மாணிக்கம் வீடு. ஒடுங்கிப்போன ஆள். மனைவி போய்ச் சேர்ந்து வருஷமாகிறதாம். டீச்சர் என்றதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கோபால் மகள் என்றேன். உட்கார்ந்துவிட்டார். நன்றாகக் கேட்டுவிட்டு வரத்தான் போனேன்.

அதற்குள் அவரே சொன்னார். "கட்டிலு அடியிலேர்ந்து உங்கம்மா காலு மட்டும் தெரிஞ்சிதும்மா. எறங்குனது கோபால்னு சொல்லிரலாம்னு கைய நீட்டி தொட்டேன். அவங்க குனிஞ்சி பாக்கல. நானும் கைய இழுத்துக்கினேன்."

வகுப்பில் போடட்டுமா என்று கேட்டேன். போடுங்க, ஆனா மொதல்ல உங்கம்மா கேக்கட்டும் என்றார்.

வீடு. அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். போடுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேட்டேன்: அன்னைக்கு அந்த வீட்டில் உன் காலில் ஏதாவது பட்டதா?

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆமா, கட்டிலுக்கு அடியில பூன. ஒதறிட்டேன். இன்னாத்துக்கு கேக்கற?"