முப்பத்தேழு குடும்பக் கோப்புகள் குறித்துத் தம்பிக்கு

உத்திரமேரூர்
14-10-2007, ஞாயிற்றுக்கிழமை
முற்பகல் 10.20 மணி

கடிதம் எண்: 3 (முதல் இரண்டும் கிழிக்கப்பட்டன)
பொருள்: ஏரிக்கரைக் குடும்பங்களின் கோப்புகள் அழிந்தமை, அதற்கு நானே பொறுப்பு

என் அன்புக்கும் என் ஓயாத கண்டிப்புக்கும் உரிய தம்பி தாமோதரா,

நீ போய் இன்றோடு நாற்பத்தொன்பது நாள். உன் வீட்டில் எல்லோரும் நலம். உன் மனைவி சரோஜா இரண்டு வேளை சாப்பிடுகிறாள். மூன்றாவது வேளைக்கு என் வீட்டிலிருந்து ஆள் போய்க் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கிறது. இவ்வளவும் நல்ல செய்தி. இனி எழுதப்போவதை நீ உட்கார்ந்து கேட்க வேண்டும்.

இதை ஊர் படிக்கும்படிதான் எழுதுகிறேன். கோப்புகள் அரைகுறை என்ற செய்தி எப்படியோ பரவி, ஏரிக்கரை இருளர் குடியிருப்பில் சிலர், “தாமு சார் சரியா எழுதாமலே பூட்டாரு” என்று பேசுவதாகக் கேள்விப்பட்டேன். நீ சரியாகத்தான் எழுதினாய். அழித்தவன் நான்.

அறியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அந்த முப்பத்தேழு குடும்பங்களுக்கும் பழங்குடியினர் சான்றிதழ் கிடைக்க வேண்டும் என்று, யாருக்கு யார் பிள்ளை, யாருடைய உறவினர் எந்த ஊரில் ஏற்கெனவே சான்றிதழ் பெற்றிருக்கிறார் என்பதையெல்லாம் குடும்பத்துக்கு ஒரு கோப்பாகத் தட்டச்சு செய்தவன் என் தம்பி. உன் கணினியில் ஒன்று, சுவருக்கு இப்பால் என் கணினியில் ஒன்று, நடுவே உன் அலமாரியில் நீல விளக்கு மினுக்கும் அந்தச் சேமிப்புப் பெட்டியில் ஒன்று. மதிலுக்கு மேலே கம்பி இழுத்து மூன்றையும் இணைத்தவன் உன் மகன் குமார். ஒரு பொத்தானை அழுத்தினால் மூன்றிலும் ஒரே கோப்பு இருக்கும். எதில் கடைசியாகத் திருத்தினோமோ, அதுவே மற்ற இரண்டுக்கும் போய்ச் சேரும்.

தட்டச்சு முடிந்ததும், கையால் குறிப்பெடுத்த துண்டுத்தாள்களை நீ அடுப்பில் போட்டாய். நான் தடுத்தேன். “மூணு எடத்துல கீது அண்ணே, எங்க பூடும்?” என்றாய். இப்போது உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரு நிறைவும் இல்லை.

என் கணினி 11-04-2007 அன்று பழுதாயிற்று. ஏப்ரலில் இருந்த உன் கோப்புகள் அப்படியே அதில் உறங்கின. அதன்பிறகுதான் நீ முக்கியமான வேலையைச் செய்தாய். மே, ஜூன், ஜூலை மூன்று மாதமும் குடியிருப்பின் முதியவர் பொன்னன் பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று தலைமுறை உறவுகளைக் கேட்டுக்கேட்டுச் சேர்த்தாய். பொன்னன் 03-08-2007 அன்று காலமானார். அதே மாதம் நீயும்.

கணினி 20-09-2007 அன்று பழுது நீங்கி வந்தது. அதன் கடிகாரம் 2002 ஜனவரி முதல் தேதியைக் காட்டியது. பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டு எழுத்தராக இருந்தவன், பிழையான தேதியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா? திருத்தினேன். பிறகு உன் எழுத்தைப் படிக்க ஆசைப்பட்டு ஒவ்வொரு கோப்பாகத் திறந்தேன். முப்பத்தேழிலும் உச்சியில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி, அன்றைய தேதியிட்டுச் சேமித்தேன். 22-09-2007, சனிக்கிழமை, கம்பியைச் செருகிப் பொத்தானை அழுத்தினேன்.

என் பழைய கோப்புகள் எல்லாம் புதியவையாகிப் பெட்டிக்குள் போய், உன் மூன்று மாத வேலையை அழித்து அதன் மேல் உட்கார்ந்தன. கடிகாரத்தை நான் திருத்தாமல் விட்டிருந்தால் அவை 2002ஆம் ஆண்டுக்குரியவை என்று ஒதுங்கியிருக்கும்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பிழைத்திருக்கலாம். நீ போன நாளிலிருந்து அணைந்தே கிடந்த உன் கணினியில் எல்லாம் பத்திரமாக இருந்தன. எனக்குச் சரிபார்க்காமல் மனம் ஆறவில்லை. வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்க உன் அறைக்குப் போய் அதை முடுக்கினேன். அது எழுந்ததும், குமார் அமைத்திருந்தபடி, பொத்தானை அழுத்தாமலே பெட்டியிடம் கேட்டது. பெட்டி கொடுத்தது. ஒவ்வொரு பெயராகத் திரையில் ஓடுவதைப் பார்த்து, “பார், எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது” என்று சரோஜாவிடம் பெருமையாகச் சொன்னேன். கம்பியைப் பிடுங்க எனக்கு இரண்டு நிமிடம் இருந்தது, தாமோதரா. நான் ரசித்துக்கொண்டிருந்தேன்.

பதிவு அலுவலகத்தில் அசல் என்று ஒன்று உண்டு. நகல் எத்தனை கெட்டாலும் அசல் இருக்கும். இந்த மூன்றில் எது அசல்? நீ இருந்தபோது ஏன் எனக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை?

மறுநாள் குமார் வந்து நாள் முழுவதும் போராடினான். இரண்டு கோப்புகள் மட்டும் நீ கடைசியாக எழுதியபடி மீண்டன. “பெட்டி மேல தப்பில்ல பெரியப்பா. நீங்க சொன்னதத்தான் அது செஞ்சுது” என்றான். சரோஜா காப்பித் தம்ளரை வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “தேதி போடாம இருக்க முடியாதா மாமா ஒங்களால?” என்று மட்டும் கேட்டாள். உனக்குத் தெரியும், முடியாது.

மீண்ட இரண்டில் கன்னியப்பன் குடும்பத்துக் கோப்பு இல்லை. அவன் மகள் செல்விக்குச் செவிலியர் பயிற்சியில் இடம் கிடைத்திருக்கிறது. இம்மாத இறுதிக்குள் சான்றிதழைக் கொடுக்காவிட்டால் இடம் போய்விடும். சான்றிதழுக்கான விசாரணை வருகிற வியாழன், 18-10-2007. பக்கத்துப் பெருநகர் கிராமத்தில் அவர்களுடைய பங்காளி ஒருவருக்குச் சான்றிதழ் இருக்கிறது என்றும், அவர் எந்த வழியில் உறவு என்றும் பொன்னன் உனக்குச் சொல்லியிருந்தார். நீயும் என்னிடம் சொன்னாய். நான் அன்று உன் ஒற்றெழுத்துப் பிழைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் என் காதில் விழவே இல்லை.

நேற்று மாலை 4.15க்கு நானே குடியிருப்புக்குப் போய்ச் சொன்னேன். கன்னியப்பன் சிரித்தான்.

“ஆபீஸ்ல இன்னா கேப்பாங்க சாரு? ஒன் பாட்டன் யாரு, அவன் பங்காளி எங்க கீறான்னு கேப்பாங்க. நான் இன்னா சொல்றது? பொட்டில இருந்தாரு, காணாம பூட்டாருன்னா?”

“உனக்குக் கொஞ்சமும் நினைவில்லையா, கன்னியப்பா?”

“எங்கப்பன் செத்தப்ப நான் கைக்கொயந்த. பொன்னன் தாத்தாவுக்குத்தான் தெரியும். அவரு சொன்னாரு, தாமு சாரு எய்திக்கினாரு. அத்தோட நாங்க மறந்துட்டோம். அதான் எய்தியாச்சே!”

செல்வி கதவோரம் நின்றிருந்தாள். “இன்னொரு தபா பொட்டில பாருங்க சார். எங்கனா ஓரமா இருக்கப் போவுது” என்றாள். நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். “பார்க்கிறேன் அம்மா” என்று பொய் சொன்னேன். இன்று காலை 6 மணிக்குப் போய் மறுபடி பார்த்தேன். இல்லை.

நாளைக் காலை முதல் பேருந்தில் கன்னியப்பனுடன் பெருநகர் போகிறேன். அங்கே இருளர் வீடுகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு வாசலிலும் நின்று, கன்னியப்பனின் தகப்பனை அறிந்தவர் உண்டா என்று கேட்பேன். ஆள் கிடைப்பாரா என்பதும், வியாழக்கிழமைக்குள் கிடைப்பாரா என்பதும் என் கையில் இல்லை. கேட்பதை அங்கேயே தாளில் எழுதி, ஒரு நகலைச் சொன்னவர் கையிலேயே கொடுத்துவிட்டு வருவேன். அந்தக் கோப்புகள் அவர்கள் வீட்டில் ஒன்றுகூட இருந்ததில்லை என்பது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. மூன்றும் நம் இரண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தன.

வியாழனுக்குப் பிறகு மற்ற வீடுகளுக்கும் போவேன். எனக்கு எழுபத்தொரு வயது. நடக்க முடிகிறவரை போவேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. ஆனால் பொன்னன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்ததை நான் யாரிடம் போய்க் கேட்பேன்? சொல், தாமோதரா.

உன் பிழைகளை எண்ணியே பழகிய
உன் அண்ணன்
வரதராசன்

இணைப்புகள் (உன் படத்துக்குப் பின்னால் வைக்கப்படுகின்றன):

1. கன்னியப்பன் குடும்பக் கோப்பின் ஏப்ரல் மாத அச்சுப்படி, ஒரு தாள். தகப்பன் பெயருக்குக் கீழே வெற்றிடம்.

2. கோப்புகள் என்னால் அழிந்தன என்று விசாரணை அலுவலருக்கு நான் கையொப்பமிட்டு எழுதிய கடிதத்தின் நகல், இரண்டு தாள்.

3. நேற்று நான் புறப்படும்போது “தாமு சார்கிட்ட வெச்சிடுங்க” என்று செல்வி கொடுத்த தாள், ஒன்று. உனக்கு எழுதியது. நான் பிரிக்கவில்லை.