திரும்பி வரும் வழியில் நான்கு இரவுகள்

பெத்யூன்,
20 ஆகஸ்ட் 1998

அன்புள்ள ஒடிலுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். முட்டி வலிக்கிறது, தோட்டத்துத் தக்காளி இந்த வருடம் அழுகிப் போய்விட்டது, மற்றபடி மூச்சு ஓடுகிறது. மியோவில் வெயில் கொளுத்துவதாக ரேடியோவில் சொல்கிறார்கள். உன் அம்மா வீட்டு மாடியறை இந்நேரம் அடுப்பாகக் கொதிக்கும். பிடிவாதம் பிடிக்காமல் கீழேயே படுத்துக்கொள்.

பத்திரம் எழுதும் நோத்தேரிடமிருந்து உனக்கும் காகிதம் வந்திருக்கும். வீட்டை வாங்குகிறவர்கள் சம்மதித்துவிட்டார்கள். நாம் இருவரும் சேர்ந்து போய்க் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது. நீ ரயிலில் வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, மறுநாள் ரயிலிலேயே திரும்பப் போவதாக உன் தங்கை ஃபோனில் சொன்னாள். முப்பத்து நான்கு வருடக் குடித்தனத்தை முடித்து வைக்க ஒரே ஒரு இரவு. உனக்கு அது போதும் என்றால் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் ஒன்று கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். நான் காரை எடுத்துக்கொண்டு மியோவுக்கு வந்து உன்னை அழைத்து வருகிறேன். பெரிய சாலையில் ஒரே ஓட்டமாக இல்லை. சின்னச் சாலைகளில், வழியில் நான்கு இரவு தங்கித் தங்கி. சிரிக்காதே. கடைவீதி பாரில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்து முடித்துவிட்டார்கள். என்னோடு இருபது வருடம் லாரி ஓட்டிய ஃபெர்னான் இருக்கிறானே, அவன் பியர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஏன்டா ரேமோன், நீயா ரூம் போட்டுத் தங்கப்போற? முப்பத்தெட்டு வருஷம் ஸ்டியரிங் மேலயே தலைய வெச்சுத் தூங்கின பய நீ. மெத்தைல படுத்தா உனக்குத் தூக்கம் வருமா?" என்று கேட்டான். இந்த ஒரு வருடமாக மெத்தையில்தான் படுக்கிறேன். தூக்கம் வருவதில்லை என்பது உண்மைதான்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் உன் அம்மாவைப் பார்க்க மியோவுக்குப் போவோம். எண்ணூற்று அறுபது கிலோமீட்டர். பெட்ரோல் போட மட்டும் நிறுத்துவேன். நீ மடியில் வைத்துப் பிரித்துக் கொடுக்கும் ரொட்டியை ஒரு கையால் தின்றுகொண்டே ஓட்டுவேன். நீ ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "இங்க ஒரு நாள் தங்கிட்டுப் போலாமே" என்பாய். "திரும்பி வரும்போது பாக்கலாம்" என்பேன். திரும்பி வரும்போது, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பேன். இதைப் பெரிய சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆகஸ்டிலும் அதையே சொன்னேன். திரும்பி வரும்போது நீ காரில் ஏறவில்லை. உன் அம்மா வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீங்க போங்க ரேமோன், நான் இங்கயே இருக்கேன். உலகத்தைக் கார் கண்ணாடி வழியா பாத்தது போதும்" என்றாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? பன்னிரண்டு மணி நேரத்தில் வீடு வந்து சேர்ந்தேன். அன்றைக்காவது எங்கேயாவது இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

நீ சொன்னது எதையும் நான் காதில் வாங்கவில்லை என்று நினைத்தாய். வாங்கினேன், ஒடில். வாங்கிக்கொண்டேதான் ஓட்டினேன். எந்தத் திருப்பத்தில் எந்த ஊரைக் காட்டினாய் என்று இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவற்றில் நான்கு ஊர்களில்தான் தங்க இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.

முதல் இரவு, மியோவிலிருந்து வரும்போது சேன் ஃப்ளூருக்குச் சற்று முன்னால், அந்தச் சிவப்பு இரும்புப் பாலத்துக்கு மேலே இருக்கும் கிராமம். மதாம் வேசாத் என்று ஒரு அம்மாள் தன் பண்ணை வீட்டில் இரண்டு மூன்று அறைகளை வாடகைக்கு விடுகிறாள். அவளிடம் ஃபோனில் நான் பட்ட பாட்டைக் கேள். "எத்தனை மணிக்கு வருவீங்க ஐயா?" என்றாள். வழக்கப்படி வேலைநாள் கணக்கில் இரவு பதினொன்று என்றேன். "பதினோரு மணிக்கு எங்க வீட்ல நாய் மட்டும்தான் முழிச்சிருக்கும். ஏழரைக்கு சூப்பு மேசைக்கு வந்துரும், எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடுவோம். எங்கேருந்து வர்றீங்க?" மியோ என்றேன். "மியோவா? ஒன்றரை மணி நேரம்கூட ஆகாதே. நாள் பூரா என்ன பண்ணுவீங்க?" நானும் அதைத்தான் அவளிடம் கேட்டேன். வழியில் நிற்க வேண்டுமாம். நின்று பார்க்க வேண்டுமாம். என்னத்தைப் பார்ப்பது என்றேன். "கூட வர்றவங்க எதைக் காட்டறாங்களோ அதை" என்றாள். அவளுக்கு என் கதை ஒன்றும் தெரியாது.

இரண்டாவது இரவு, அலியே ஆற்றங்கரை. ஆட்கள் மரத்தடியில் இரும்புக் குண்டு விளையாடிக்கொண்டிருக்க, பொரித்த மீன் வாசனை காருக்குள்ளேயே வந்ததே, அந்த ஊர். மூன்றாவது, லுவார் நதியில் மணல் திட்டுகள் தெரியும் இடம். "கால நனைச்சிட்டு வந்துடறேன், அஞ்சு நிமிஷம்" என்று நீ கேட்ட இடம். ஐந்து நிமிடம்கூட நான் தரவில்லை. அங்கே ஆற்றைப் பார்த்த அறை ஒன்று கிடைத்திருக்கிறது. நான்காவது, சோம் நதிக் குட்டைகளுக்கு நடுவில் இருக்கும் சத்திரம். அங்கிருந்து நம் வீடு ஒன்றரை மணி நேரம். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டு எவனாவது சத்திரத்தில் படுப்பானா என்று ஃபெர்னான் தலையில் அடித்துக்கொண்டான். படுப்பேன். அந்த ஒரு இரவை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

இதற்குள் ஒரு பெரிய கூத்தும் நடந்தது. கையெழுத்துக்கு முதலில் சொன்ன நாள் செப்டம்பர் பதினொன்று, வெள்ளிக்கிழமை. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஞாயிறு காலை மியோவிலிருந்து கிளம்புவதாகத் திட்டம் போட்டேன். ஒரே மத்தியானத்தில் நான்கு இடத்துக்கும் சொல்லிவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அந்த மீன் ஊரிலிருந்து போரி என்கிறவர் கூப்பிட்டார். "ஐயா, நீங்க திங்கக்கிழமை ராத்திரி வர்றதா சொல்லியிருக்கீங்க. திங்கக்கிழமை இந்த ஊர்ல ஒரு ரொட்டித் துண்டுகூடக் கிடைக்காது. ஞாயிறு சாயங்காலமே எல்லாரும் கதவைச் சாத்திருவாங்க. நீங்க எந்த நாட்டுக்காரர்?" என்றார். நான் இந்த நாட்டின் எல்லாச் சாலைகளிலும் ஓடியவன். ஆனால் லாரிக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கடை திங்கள் முதல் வெள்ளி வரை திறந்திருக்கும். சனி, ஞாயிறு நான் வீட்டில் இருப்பேன். கிராமத்துக் கடைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பது ஊரில் ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. கிட்டத்தட்ட நாற்பது வருடம் சாலையைத்தான் பார்த்திருக்கிறேன், ஊரைப் பார்க்கவில்லை.

எல்லாவற்றையும் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். செவ்வாய் எட்டாம் தேதி கிளம்புகிறோம், சனிக்கிழமை வீட்டில் இருப்போம். ஆனால் கையெழுத்து வெள்ளிக்கிழமை அல்லவா. நோத்தேர் ஆபீஸுக்கு ஃபோன் போட்டு, திங்கட்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். அங்கிருந்த பெண், "காரணம் என்னன்னு குறிச்சுக்கட்டும்?" என்றாள். "நாலு ராத்திரி தேவைப்படுதும்மா, மூணுல முடியாதுன்னு எழுதிக்க" என்றேன். பிறகு பதினான்காம் தேதி காலை பத்து மணி என்று கொடுத்தாள். சனியும் ஞாயிறும் நீ உன் சிநேகிதி ழனேத் வீட்டில் தங்கினாலும் எனக்குச் சம்மதம். உன் அலமாரியை நான் திறக்கவில்லை, அது அப்படியே இருக்கிறது.

ஓர் இடம் மட்டும் அகப்படவில்லை. நீல ஜன்னல் வைத்த வீடு, வாசலில் வாதுமை மரம், மேசை போட்டு ஒரு கிழவனும் கிழவியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மழைத்தூறல்கூட விழுந்தது. நீ திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். அது எந்த ஊர் என்று வரைபடத்தில் விரலை வைத்துத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். உனக்கு நினைவிருந்தால் எழுது, அதையும் சேர்த்துவிடலாம்.

இனி, கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். நான்கு இடத்திலும் கடைசியில் ஒரே கேள்விதான் வந்தது. "ரூம் ஒண்ணா, ரெண்டா?" வேசாத் அம்மாளிடம், வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போரியிடமும் அதையேதான் சொன்னேன். லுவார்க்காரி மட்டும் விடாமல், "உங்க மனைவிதானே ஐயா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இம்மாதக் கடைசி வரை இரண்டு அறையையும் யாருக்கும் தராமல் வைத்திருக்கிறார்கள். இரண்டு என்று நீ எழுதினால் இரண்டு. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், வருத்தம் இருக்கிறது. ஆனாலும் இரண்டு என்றால் இரண்டுதான்.

நீ சரி என்றால் ஏழாம் தேதி விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவேன். எங்கும் நிற்காமல் ஓட்டினால் சாயங்காலம் நாலு, ஐந்துக்கெல்லாம் உன் வாசலில் இருப்பேன். நீ ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வீடு போனால் போகட்டும், ஒடில். இந்த நான்கு நாளை மட்டும் எனக்குக் கொடு. மாட்டேன் என்றாலும் ஒரு வரி எழுதிவிடு. தபால்காரனின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நான் சலித்துவிட்டேன், அவனும் என்னைப் பார்த்துச் சலித்துவிட்டான்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ரேமோன்

மியோ,
27 ஆகஸ்ட் 1998

அன்புள்ள ரேமோனுக்கு,

உங்கள் கடிதம் திங்களன்று வந்தது. மூன்று நாள் பதில் எழுதவில்லை. கோபத்தில் இல்லை, திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். நான் கீழேதான் படுக்கிறேன், கவலைப்பட வேண்டாம். முட்டிக்கு அந்தப் பச்சை டப்பாத் தைலத்தைப் போடுங்கள், குளியலறை மேல் தட்டில் இருக்கிறது. மேல் தட்டை நீங்கள் பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

திங்கட்கிழமைக் கதையை என் தங்கையிடம் படித்துக் காட்டினேன். "அக்கா, இந்த மனுஷனை நாப்பது வருஷம் ரோட்டுல எப்படி விட்டாங்க?" என்று கேட்டுவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு தோட்டத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். நான் காட்டிய ஊர்களெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் போன வருடம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேனா, சொல்லத் தெரியவில்லை.

நீல ஜன்னல் வீடு எந்த ஊர் என்று எனக்கும் தெரியாது. தேட வேண்டாம். நான் வீட்டைப் பார்க்கவில்லை. தூறலில் நனைந்துகொண்டே அந்த இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், எழுந்து உள்ளே போகவேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அறை விஷயம். மதாம் வேசாத் வீட்டில் இரண்டு என்று சொல்லுங்கள். மற்ற மூன்று இடத்துக்கும் இப்போது ஒன்றும் சொல்ல வேண்டாம். முதல் நாள் முடியட்டும், மறுநாள் காலை காபி குடிக்கும்போது இரண்டாம் நாளைப் பற்றிப் பேசலாம். நான்கு நாளையும் எடுத்த எடுப்பிலேயே மொத்தமாகக் கட்டி வைக்காதீர்கள். ரயில் டிக்கெட் என் கைப்பையிலேயே இருக்கிறது, அதை நான் இன்னும் கிழிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. விடிகாலையில் கிளம்பி, எங்கும் நிற்காமல் ஓட்டி வந்து, கண் சிவந்து என் வாசலில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி வந்தால் நான் ஏறமாட்டேன். ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கேயாவது, நான் காட்டாத ஊராகப் பார்த்து, உங்களுக்காக ஓர் இரவு தங்குங்கள். எங்கே இறங்கினீர்கள், அங்கே என்ன பார்த்தீர்கள் என்று வந்து எனக்குச் சொல்லுங்கள். எத்தனை நேரமானாலும் உட்கார்ந்து கேட்கிறேன். கேட்ட பிறகு பையை எடுத்துக் காரில் வைக்கிறேன்.

மெதுவாக வாருங்கள். நான் காத்திருப்பேன்.

அன்புடன்,
ஒடில்