பதினொரு கிலோ

மார்ச் 4

வலது மணிக்கட்டில் அறுவை முடிந்து மூன்று மாதம். இனி வாசிக்கலாமாம், கனம் தூக்கத்தான் கூடாதாம். "பன்னெண்டு கிலோவுக்கு மேல தூக்கினா மறுபடி என்கிட்டதான் வருவீங்க" என்றார் டாக்டரம்மா. என் பழைய கீபோர்டு பெட்டியோடு இருபத்தாறு. பதினெட்டு வருடம் அதை மேடை மேடையாகச் சுமந்த கழுதை நான்.

மார்ச் 6

எங்கள் இசைக்குழுவின் டிரம்ஸ்காரர் போன் செய்தார். அவரை 'இடி' என்றுதான் கூப்பிடுவோம். "இருபத்திரெண்டாம் தேதி மேடைக்கு வர்றியா, வேற ஆள் பாக்கட்டுமா? பத்தாம் தேதிக்குள்ள சொல்லிடு." அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனாலும் சுருக்கென்றது.

மார்ச் 8

எடை குறைந்த புது கீபோர்டு வாங்க அக்காவோடு கடைக்குப் போனேன். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். "பூசணிக்காயா வாங்குற?" என்றாள்.

ஆறு கிலோ: கட்டைகள் லொடலொட. எட்டு கிலோ: அழுத்திய கட்டை சோம்பேறி மாதிரி எழுந்து வந்தது. மூன்றாவது, பையோடு பதினொன்று. ஆகா! விரலை எடுத்த கணமே கட்டையும் கூடவே எழுந்து வருகிறது.

ஆனால் மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். இன்னொரு தடவை. மறுபடி. ஒரே சத்தம்.

விரல் செத்துவிட்டதா? நரம்பு போய்விட்டதா? "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அக்காவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரணம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று பயம்.

மார்ச் 9

காபி டம்ளரை வைத்துவிட்டு அழுதேன். அக்காவிடம் எல்லாம் கொட்டிவிட்டேன். "செருப்பைப் போடு" என்றாள், அவ்வளவுதான்.

கடையில் அதே கீபோர்டு. சங்கீதத்தில் அரிச்சுவடி தெரியாத என் அக்கா, ஆள்காட்டி விரலால் முதலில் தடவினாள், பிறகு குத்தினாள். "ஏண்டி, எனக்கும் ஒரே சத்தம்தான் வருது. என் கையையும் அறுத்தாங்களா?"

விற்பனைப் பெண் ஓடி வந்தாள். "சாரி மேடம், குழந்தைங்க வந்து தட்டுறாங்கன்னு, எப்படி அடிச்சாலும் ஒரே சத்தம் வர்ற மாதிரி டச்சை நிறுத்தி வெச்சிருந்தோம்." ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினாள்.

தொட்டேன். கிசுகிசுத்தது. அழுத்தினேன். முழங்கியது.

என் இடது கையாலாவது ஒரு தடவை வாசித்துப் பார்த்திருக்கலாமே! பார்க்கவில்லை. பயந்தது வலது கைக்குத்தானே, அதையேதான் சோதித்துக்கொண்டிருந்தேன். அரண்டவள் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பதினெட்டு வருடம் கீபோர்டோடு குடித்தனம் நடத்தியவளுக்கு டச் பொத்தான் ஞாபகம் வரவில்லை — வெளியே சொன்னால் சிரிப்பார்கள். அக்கா சொல்லாமலா இருப்பாள்?

போன உயிர் திரும்பி வந்தது. அதையே வாங்கினேன்.

மார்ச் 10

இடிக்குப் போன். "வர்றேன்."

மார்ச் 15

ஒத்திகை. கதை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. போகட்டும்.

மார்ச் 22

மேடை முடிந்தது. கடைசியாக ஒரு மெதுவான பாட்டு. முடிவில் ஒரே ஒரு ஸ்வரம், என் வலது கையில். விரல் நுனியால் வைத்தேன். யாரும் கை தட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தட்டினார்கள்.

"பாட்டு முடிஞ்சிருச்சான்னு எனக்கே தெரியலம்மா, அவ்வளவு மெல்லிசா விட்ட" என்றார் இடி. கீபோர்டுப் பையை நானே தோளில் மாட்டிக்கொண்டு வண்டிக்கு நடந்தேன்.

கை வலிக்கிறது. வாசித்த வலிதான். தூங்கி எழுந்தால் போய்விடும்.