கையெழுத்துப் போடாத தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? இதை முதலில் நீங்கள் மட்டும் படியுங்கள். அம்மா பதறிவிடுவாள்.

எங்கள் நர்சிங் படிப்புக்கு அங்கீகாரம் போய்விட்டது. ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட, வேறொரு கல்லூரியிலிருந்து பயிற்சி பொம்மைகளை இரவல் வாங்கிப் படுக்க வைத்திருந்தார்கள். வந்த அம்மையார் போர்வையை விலக்கினார். பொம்மையின் குதிகாலில் அந்தக் கல்லூரியின் முத்திரை! அன்று சிரித்தேன். இந்தப் பட்டத்தை எந்த மருத்துவமனையும் ஏற்காது என்று தெரிந்தபின் சிரிப்பு வரவில்லை. மூன்று வருடம், அப்பா.

நேற்று கல்லூரி முதல்வர் ஒரு தாளை நீட்டினார். சொந்த விருப்பத்தில் படிப்பிலிருந்து விலகுகிறேன் என்று அதில் இருந்தது.

"போடும்மா, உன் ஸ்கூல் சர்டிபிகேட்டை இப்பவே தர்றேன்."

"நான் எங்க சார் விரும்பினேன்? பொம்மைய இரவல் வாங்கினது நீங்க."

"வாய் ரொம்ப நீளுது. உங்கப்பாகிட்ட பேசிக்கிறேன்."

தப்பை அவர்கள் செய்துவிட்டு, பாதியில் ஓடியவள் என்ற பெயரை எனக்கு வைக்கப் பார்க்கிறார்கள். என்ன திமிர்! அறைத்தோழி கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். மீதிப் பேர் புகார் எழுதியிருக்கிறோம்.

புகாரோடு வைக்க, பீரோவில் இருக்கும் என் சான்றிதழ் நகல்களை அனுப்புங்கள். அம்மாவின் பழைய சேலை ஒன்றும், போர்த்திக்கொள்ள.

அந்தத் தாளில் பெற்றோர் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. உங்களுக்கும் வரும். மகள் நிம்மதியாக இருந்தால் போதும் என்று போட்டுவிடுவீர்கள், எனக்கு உங்களைத் தெரியும். போடாதீர்கள், அப்பா.

தபால் பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்